வாசகர் கேள்வி பதில்: கடலோர வீட்டுக்கும் தொழிலுக்கும் சிறு மின் உற்பத்தி

சென்ற இதழில் கூரை மேல் சூரிய மின்சாரம் பற்றி வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டுக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பலர் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் பலவிதமாக இருந்தாலும், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் முன் நான் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது ஒன்றுதான்: உங்களுக்கு மின்சாரம் எந்த வேலைக்கு, எந்த நேரத்தில் தேவைப்படுகிறது? கடிதத்தில் அதை எழுதியிருந்தவர்களுக்கு விரிவாகவே பதில் தர முடிந்திருக்கிறது.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் போட்டிருக்கிறோம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் அடித்தபோது தெருவில் மின்சாரம் போயிற்று. மழை விட்டு வெளிச்சம் வந்த பிறகும் எங்கள் வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. பேனல் பழுதா? நாங்கள் ஏமாற்றப்பட்டோமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பேனலில் பழுது எதுவும் இருக்க வாய்ப்பில்லை. நீங்கள் வாங்கியிருப்பது தெருக்கம்பியோடு இணைந்து மட்டுமே இயங்கும் வகை. பேட்டரி இல்லாமல் மானியத்தில் பொருத்தப்படுபவை பெரும்பாலும் இவ்வகைதான். இதிலுள்ள இன்வெர்ட்டர், மின்வாரியக் கம்பியில் விநாடிக்கு 50 சுழற்சியாக வரும் மின்னோட்டத்தைப் பார்த்து, அதன் தாளத்துக்கு ஏற்பத் தன் மின்சாரத்தைச் சேர்க்கிறது. கம்பியில் மின்சாரம் நின்றுவிட்டால் ஓரிரு விநாடிகளுக்குள் அதுவும் தன்னை நிறுத்திக்கொள்ளும்படி கட்டாயமாக அமைக்கப்பட்டிருக்கிறது. அறுந்த கம்பியைச் சரிசெய்ய ஏறியிருக்கும் லைன்மேன், மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிட்டது என்று நம்பித் தொடும்போது, உங்கள் மாடியிலிருந்து அந்தக் கம்பிக்குள் மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிர் போய்விடும். ஆகவே இந்த ஏற்பாட்டைக் குறையென்று சொல்ல முடியாது. ஆனால் புயல் அடிக்கும் ஊரில் இதை வாங்குபவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இனி என்ன செய்யலாம்? உங்கள் பேனல்களை அப்படியே வைத்துக்கொண்டு, இன்வெர்ட்டரை மட்டும் 'ஹைப்ரிட்' வகைக்கு மாற்றி ஒரு பேட்டரியைச் சேர்க்கலாம். மின்தடை வந்ததும் அது வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து முழுவதுமாகத் துண்டித்துவிட்டு, தனியாகப் பிரித்து இழுத்த சில விளக்கு, மின்விசிறி இணைப்புகளுக்கு மட்டும் மின்சாரம் தரும். முழு வீட்டையும் பேட்டரியில் ஓட்ட நினைக்காதீர்கள். 30 வாட்டிலேயே ஓடும், மின்சாரம் குறைவாக எடுக்கும் பி.எல்.டி.சி. வகை மின்விசிறிகள் இரண்டு 10 மணி நேரம் சுழன்றால் 0.6 யூனிட், 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு 5 மணி நேரம் எரிந்தால் 0.2 யூனிட்டுக்கும் குறைவு. கைபேசிகளுக்கும் இணையக் கருவிக்கும் இன்னும் 0.2 யூனிட். குளிர்பதனப் பெட்டியைச் சேர்த்தாலும் நாளொன்றுக்கு இரண்டு, இரண்டரை யூனிட்டுக்குள் அடங்கிவிடும். 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் ஏறக்குறைய 5 யூனிட் நிற்கும். நல்ல வெயிலில் 12 யூனிட் தரும் உங்கள் 3 கிலோவாட் பேனல், புயலை ஒட்டிய கரு மேக நாட்களில் ஒன்றிரண்டு யூனிட்டுக்கு இறங்கிவிடும் என்றாலும், அவசியத் தேவையின் பெரும் பகுதியை அதுவே ஈடுகட்டிவிடுகிறது.

தண்ணீர் மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது முக்கால் முதல் ஒரு கிலோவாட் வரைதான் எடுக்கும் என்றாலும், கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்த உதைப்பைத் தாங்கும் திறனுள்ள இன்வெர்ட்டரைக் கேட்டு வாங்குங்கள், அல்லது புயல் எச்சரிக்கை வந்தவுடன் மேல்தொட்டியை நிரப்பிவிட்டு மோட்டாரை மறந்துவிடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, கடலூர் மாவட்டத்தின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாட்களுக்கு வேண்டியது பெரிய பேனல் அல்ல, சரியாகக் கணக்கிட்ட சிறு பேட்டரி.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு எங்களுக்கு 300 யூனிட் ஆகிறது. மானியம் கிடைக்கிறது என்பதால் 5 கிலோவாட்டாகவே போட்டுவிடுங்கள் என்கிறார் வந்து பார்த்தவர். போடலாமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: வேண்டாம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மீதமுள்ள 200 யூனிட்டுக்குத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். நம் பகுதியில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். உங்கள் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. வீட்டில் குளிர்சாதனமோ மின்சார ஸ்கூட்டரோ வரப்போகிறது என்றால் 2 கிலோவாட் போடலாம். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு, அதற்குமேல் கட்டண அட்டவணையே மாறிவிடுவதால், 3 கிலோவாட் நல்ல பயன் தரும்.

மானியத்தைப் பொறுத்தவரை, 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் கிடைக்கும். அதற்குமேல் எவ்வளவு போட்டாலும் மொத்தம் 78,000 ரூபாய்தான். ஆக, 5 கிலோவாட் போடச் சொல்பவர் நான்காவது, ஐந்தாவது கிலோவாட்டுக்கான முழு விலையையும் உங்கள் சட்டைப் பையிலிருந்தே எடுக்கிறார். பேனல்கள் இந்தியாவிலேயே தயாரான மின்கலங்களால் ஆனவையாக இருக்க வேண்டும், பொருத்துபவர் திட்டத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், பணம் வேலை முடிந்து சரிபார்த்த பிறகே உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். இம்மூன்றையும் எழுத்தில் உறுதி செய்துகொண்டு முன்பணம் கொடுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை கிலோவாட் ஒன்றுக்கு நிழலில்லாத 100 சதுர அடி ஒதுக்கினால் போதும். தென்னை மரம் பக்கத்தில் இருந்தால் காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை நிழல் எங்கே விழுகிறது என்று நீங்களே ஒரு நாள் மாடியில் நின்று சாக்பீஸால் குறித்துவையுங்கள். பேனல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருப்பதால், ஒரு மட்டையின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தாலும் வரிசை முழுவதன் உற்பத்தியும் குறையக்கூடும். கடலூர் ஏறக்குறைய 11.75 பாகை வட அட்சத்தில் இருப்பதால், தெற்கு நோக்கி 12 பாகை அளவுக்குச் சாய்த்தால் போதும். மழைநீர் தூசியைக் கழுவிக்கொண்டு வழிந்தோடவும் அந்தச் சாய்வு உதவும். சித்திரை வெயிலில் உற்பத்தி உச்சத்துக்குப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்தான், வெப்பம் அதற்கு ஆகாது. வெப்பநிலை 25 பாகை செல்சியஸுக்குமேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 விழுக்காடு திறன் குறைவதால், 65 பாகைக்குச் சூடேறிய பேனல் 14 விழுக்காட்டை இழந்து நிற்கும். தளத்துக்கும் பேனலுக்கும் இடையே காற்றோடும்படி இடைவெளி விடச் சொல்வது இதற்காகத்தான்.

புதுச்சேரி வாசகர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே மின்துறையும் வேறு, கட்டணம் நிர்ணயிக்கும் ஆணையமும் வேறு. தமிழ்நாட்டின் 100 யூனிட் சலுகையும் அங்கே பொருந்தாது. எல்லை வீட்டுக்கு வீடு குறுக்கிடும் ஊர்களில், எதிர்வீட்டுக்காரர் போட்ட கணக்கு உங்களுக்கு ஒத்துவராமல் போகலாம். கையில் உள்ள மின்கட்டண ரசீதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டம் மூன்றே ஆண்டுகளில் துருவேறி உதிர்கிறது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் வீடு. புயலுக்கு முன் பேனல்களைக் கழற்றி வைத்துவிடலாமா?
– வாசகர், வீராம்பட்டினம், புதுச்சேரி

பதில்: கழற்ற வேண்டாம், ஆனால் சட்டத்தை இந்த மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். காரணத்தை எண்ணிக்கையாகச் சொன்னால்தான் அவசரம் புரியும். நம் கரையோரத்துக்கு இந்தியத் தரநிலை வகுத்திருக்கும் அடிப்படைக் காற்றுவேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அடிக்கும் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமம். இன்று பரவலாக விற்கும் 540 வாட் பேனலின் பரப்பு ஏறக்குறைய 2.6 சதுர மீட்டர், எடையோ 28 கிலோதான். பேனலின் அடியில் புகும் காற்று அதை 300, 400 கிலோ விசையோடு மேலே தூக்கப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது நான்கைந்து போல்ட்டுகள் மட்டுமே. அந்த போல்ட்டுகளில் ஒன்று துருவால் மெலிந்திருந்தால் அங்கிருந்துதான் எல்லாம் கிளம்பும்.

உங்களுக்குப் போட்டிருப்பது, நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால், சாதாரண இரும்புக் குழாய்க்கு மேல் வெள்ளிப் பெயின்ட் அடித்தது. அறுத்த முனைகளிலும் வெல்டிங் வைத்த இடங்களிலும் பழுப்பு நீர் வழிந்த தடம் தெரிகிறது. கடற்கரையில் இது நிற்காது. உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு அல்லது அலுமினியம் வேண்டும்; அறுப்பதும் துளையிடுவதும் வெல்டிங் வைப்பதும் முக்கியெடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், மாடியில் வந்து துளைபோட்டால் அந்தத் துளையிலிருந்தே துரு தொடங்கும். போல்ட், நட்டு, வாஷர் அனைத்தும் துருப்பிடிக்காத எஃகில், கடலோரத்துக்கென்றே உள்ள 316 தரத்தில் கேளுங்கள். சட்டத்தின் கால்களைத் தளத்தில் வெறும் கல் வைத்து அமுக்காமல், கான்கிரீட்டுக்குள் நங்கூர போல்ட் இறக்கி, சுற்றிலும் நீர் கசியாதபடி பூச வேண்டும். எர்த் கம்பியின் செம்பு நேரடியாகத் துத்தநாகப் பூச்சையோ அலுமினியத்தையோ தொட்டால், உப்பு ஈரத்தில் அந்த இடம் வெகு வேகமாக அரித்துவிடும். இடையில் அதற்குரிய இணைப்பான் போடச் சொல்லுங்கள். பேனல் வாங்கும்போது உப்புக்காற்றுச் சோதனையில் தேறியதற்கான சான்று உண்டா என்றும் கேட்கலாம்.

எச்சரிக்கைக் கொடி ஏறியதும் செய்ய வேண்டியவை சிலவே: போல்ட்டுகளை ஒருமுறை முடுக்கிப் பாருங்கள், மாடியிலுள்ள தகரம், பழைய கதவு போன்ற பறக்கக்கூடிய பொருள்களை இறக்கிவிடுங்கள், இன்வெர்ட்டரை நிறுத்தி, பேனலிலிருந்து அதற்கு வரும் நேர்மின் (டி.சி.) இணைப்பின் துண்டிப்பானை அணைத்து வையுங்கள். வெள்ளம் ஏறும் தெருவில் பேட்டரி தரையில் இருக்கக் கூடாது. 2024 வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய உயரம் சுவரில் இன்னும் தெரிந்தால், அதற்கு மேலே பலகையடித்து வையுங்கள்.

கேள்வி: இறால் குட்டைகளில், தண்ணீரில் காற்றைக் கலக்கும் இரண்டு குதிரைத்திறன் ஏரேட்டர் எட்டு ஓட்டுகிறேன். இரவெல்லாம் ஓட வேண்டியிருப்பதால் மின்கட்டணமும் டீசல் செலவும் கட்டுப்படியாகவில்லை. சோலாருக்கு முழுவதுமாக மாறிவிடலாம் என்று நினைக்கிறேன்.
– வாசகர், பரங்கிப்பேட்டை

பதில்: உங்கள் தொழிலில் சூரியனும் தேவையும் நேரெதிரான நேரத்தில் இருக்கின்றன. பகலில் தண்ணீரிலுள்ள நுண்பாசியே வெளிச்சத்தை உண்டு உயிர்வளியை (ஆக்சிஜனை) விடுகிறது. பொழுது சாய்ந்ததும் பாசி, இறால், அடிச்சேறு என அனைத்தும் உயிர்வளியை உறிஞ்சத் தொடங்கி, விடியலுக்குச் சற்று முன்பு அளவு அடிமட்டத்துக்குப் போகிறது. லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வது அந்த நேரத்தில்தான் கடினம் என்பதை, அதிகாலையில் இறால் மேலே வந்து திணறுவதைப் பார்த்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எட்டு ஏரேட்டர்களும் சேர்ந்து 12 கிலோவாட் எடுக்கும். இரவில் 8 மணி நேரம் ஓடினால் 96 யூனிட். அதைப் பகலில் உற்பத்தி செய்ய 24 கிலோவாட் பேனலும், பேட்டரியில் போட்டு எடுக்கும்போது ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் 30 கிலோவாட்டுக்கு அருகிலும் வேண்டும். இடம் மட்டுமே 3,000 சதுர அடி ஆகும். 96 யூனிட்டைத் தேக்கிவைக்கும் பேட்டரி, மேலே முதல் கேள்வியில் சொன்ன வீட்டுப் பேட்டரியைப் போல இருபதுக்குமேல். உப்புக்காற்றில், மேகமூட்டமான ஐப்பசி கார்த்திகையில், ஒரே இரவுத் தவறில் முழு வளர்ப்பும் செத்துப்போகக்கூடிய தொழிலில், இதை மட்டுமே நம்பி இறங்க நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் மூன்று வழிகளில் செலவைக் குறைக்கலாம். பழைய, கம்பிச்சுருள் திரும்பச் சுற்றிய மோட்டார்களை உயர்திறன் மோட்டார்களாக மாற்றுவது முதலாவது. இதற்கு ஆகும் முதலீடு குறைவு. இரண்டாவதாக, உயிர்வளி அளவுமானி ஒன்றை வைத்து, அளவு இறங்கும்போது ஒவ்வொன்றாக ஏரேட்டரை இயக்குங்கள். இரவு எட்டு மணிக்கே எட்டையும் போட்டுவிடும் வழக்கத்தால் வீணாகும் மின்சாரம் அதிகம். மூன்றாவதாக, பகலில் ஓடும் நீரேற்று மோட்டார், பகல் ஏரேட்டர்கள், குடியிருப்பு ஆகியவற்றுக்கு ஈடான அளவில் பேட்டரியில்லாத பேனலைக் கரைமேட்டில் போடுங்கள். மீதியைக் கம்பிக்கு அனுப்பிக் கணக்கில் கழித்துக்கொள்வதற்கு உங்கள் வகை இணைப்பில் என்ன விதி என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேட்டரி வாங்கத்தான் வேண்டுமென்றால், மின்சாரம் போய் ஜெனரேட்டர் கிளம்பும் வரையிலான அரைமணி நேரத்துக்கு மட்டும், 6 யூனிட் பயன்படும்படி வாங்குங்கள். ஆளில்லாத நேரத்தில் ஜெனரேட்டர் முரண்டுபிடித்தால் அந்த அரைமணி நேரமே குட்டையைக் காப்பாற்றும். குட்டையின் மேலேயே பேனல் பரப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பரப்பினால் பாசிக்கு வெளிச்சம் குறைந்து பகல் உயிர்வளியும் குறையும். நீர் தேக்கிவைக்கும் குட்டை தனியாக இருந்தால் அதன்மேல் போடலாம்.

கேள்வி: ஐந்து மாடுகள் இருக்கின்றன. சாண எரிவாயுவில் சிறு இன்ஜின் ஓட்டி வீட்டுக்கு மின்சாரம் எடுக்க முடியுமா?
– வாசகி, குறிஞ்சிப்பாடி

பதில்: முடியும், ஆனால் அப்படிச் செய்வது உங்களுக்கு நட்டம். மாடு ஒன்று நாளைக்கு 10 கிலோ சாணம் போடும் என்று வைத்தால் 50 கிலோ. 25 கிலோ சாணத்துக்கு ஒரு கன மீட்டர் என்ற கணக்கில் 2 கன மீட்டர் வாயு கிடைக்கும். அதை இன்ஜினில் எரித்தால் மூன்று யூனிட்டுக்குமேல் எதிர்பார்க்க முடியாது. சிறிய இன்ஜினில் அதுவும் குறையும். அதே வாயுவை அடுப்பில் எரித்தால் ஏறத்தாழ 0.86 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு, அதாவது 16, 17 நாட்களுக்கு ஒரு 14.2 கிலோ சிலிண்டர் உங்கள் தொழுவத்திலேயே கிடைத்தது போல. மூன்று யூனிட் மின்சாரத்தை ஒரு கிலோவாட் பேனல் எந்தச் சிரமமும் இல்லாமல் தந்துவிடும். ஆகவே சாணத்தை அடுப்புக்கும் வெயிலை விளக்குக்கும் ஒதுக்குங்கள்.

2 கன மீட்டர் கலனுக்கு நாள்தோறும் சாணத்தோடு அதே அளவு தண்ணீர் கலந்து, வைக்கோல் துரும்பு எடுத்துவிட்டு ஊற்ற வேண்டும். தொழுவம் கழுவிய ஃபினாயில் தண்ணீரும் சோப்புத் தண்ணீரும் உள்ளே போகக் கூடாது. போனால் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் மடிந்து பல நாட்களுக்குக் கலன் சும்மா கிடக்கும். இரும்பு மிதவைத் தொட்டி சில ஆண்டுகளில் ஓட்டை விழும் என்பதால், தரைக்கடியில் செங்கல்லில் கட்டும் தீனபந்து வகையோ ஃபைபர் தொட்டியோ போடுங்கள். வெளிவரும் கழிவுச் சாந்தில் தழைச்சத்து அப்படியே இருக்கிறது. உங்கள் கரும்புக்கும் நிலக்கடலைக்கும் அதைவிட நல்ல எரு கிடையாது. ஐம்பது மாடுகளுக்குமேல் உள்ள பண்ணைகளுக்கு இன்ஜின் சரிவரும். அப்போதும் வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடை இரும்புத்தூள் நிரப்பிய குழாய் வழியே செலுத்தி நீக்காவிட்டால், இன்ஜின் உள்பாகங்கள் அரித்துப்போகும்.

கேள்வி: முந்திரி உடைக்கும் சிறு ஆலை நடத்துகிறேன். மலைபோல் குவியும் முந்திரி ஓடுகளை வாயுவாக்கி மின்சாரம் எடுக்கலாம் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: மரத்துண்டையோ விவசாயக் கழிவையோ போதிய காற்றில்லாமல் அரைகுறையாக எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த ஒரு வாயு வருகிறது, அதைக் குளிர்வித்து வடிகட்டி இன்ஜினுக்குக் கொடுத்தால் மின்சாரம் கிடைக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பல ஆண்டுகளாக வளர்த்தெடுக்கப்பட்ட தொழில்நுட்பம் இது. நன்கு உலர்ந்த சவுக்குத் துண்டு என்றால் யூனிட் ஒன்றுக்கு 1.2 முதல் 1.5 கிலோ வரை தேவைப்படும்.

முந்திரி ஓட்டை அப்படியே போட முடியாததற்குக் காரணம் அதிலுள்ள எண்ணெய். ஓட்டின் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும் அந்தக் காரமான எண்ணெய், கையில் பட்டாலே தோல் வெந்துபோகும் என்பது உடைக்கும் பெண்களுக்குத் தெரியும். கலனுக்குள் அது பிசினாக மாறி வடிகட்டிகளையும் இன்ஜின் வால்வுகளையும் அடைத்துவிடும். முதலில் எண்ணெயைப் பிழிந்து விற்றுவிடுங்கள். பெயின்ட், பிரேக் லைனிங் போன்ற தொழில்களில் அதற்கு விலை உண்டு. பிழிந்த சக்கையைக் கொதிகலனுக்கும் பருப்பு உலர்த்தும் போர்மாவுக்கும் எரிபொருளாகக் கொடுங்கள். உங்கள் ஆலையில் செலவாகும் ஆற்றலின் பெரும்பகுதி கொட்டையை வேகவைக்கவும் பருப்பை உலர்த்தவும் வேண்டிய வெப்பம்தான். வெப்பமாக வேண்டியதை மின்சாரமாக மாற்றி மறுபடி வெப்பமாக்குவதில் பொருளில்லை. உடைக்கும் இயந்திரங்கள் பகலில்தான் ஓடுகின்றன, எனவே அவற்றுக்குக் கூரைமேல் பேனல் கச்சிதமாகப் பொருந்தும். பிறகும் வாயுக்கலன்தான் வேண்டும் என்றால், நாள் முழுவதும் அதன் பக்கத்தில் நிற்கப் பயிற்சி பெற்ற ஓர் ஆள் இருக்கிறாரா என்று யோசியுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது. நாற்புறமும் திறந்த கொட்டகையில் தவிர வேறெங்கும் அதை நிறுவக் கூடாது.

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் எப்போதும் கடல்காற்று வீசுகிறது. மாடியில் சிறு காற்றாலை வைத்தால் பேனலே தேவையில்லை அல்லவா?
– வாசகர், கடலூர்

பதில்: உடம்புக்கு இதமான காற்று ஆலைக்குப் போதாது. காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். இரண்டு மீட்டர் விட்டமுள்ள சுழலியை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் அதன் குறுக்கே போகும் காற்றில் இருப்பது 120 வாட். எவ்வளவு நல்ல சுழலியாலும் 59 விழுக்காட்டுக்குமேல் எடுக்க முடியாது என்பது இயற்கையின் வரம்பு. சிறு சுழலிகள் உண்மையில் 30 விழுக்காடு எடுத்தாலே நல்லது. ஆக உங்களுக்குக் கிடைப்பது 36 வாட், ஒரு மின்விசிறிக்கு மட்டுமே காணும். 8 மீட்டர் வேகத்தில் அதே சுழலி 290 வாட் தரும் என்றாலும், அந்த வேகம் மாடி உயரத்தில் நாள் முழுதும் நிலைப்பதில்லை. சுற்றிலும் உள்ள வீடுகளும் தென்னைகளும் காற்றைக் கலைத்துச் சுழிக்கவைப்பதால் இறக்கைகள் திசை தெரியாமல் தடுமாறும், அதிர்வு சுவர்களில் இறங்கும். ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் ஆலைகள் நிறைந்திருப்பதற்குக் காரணம் மலைக்கணவாய் காற்றைக் குவித்துத் தருவது. நம் சமவெளிக் கடற்கரையில் அந்த அமைப்பு இல்லை. ஆரோவில் பகுதியில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய பல இறக்கைக் காற்றாடிகள் மெல்லிய காற்றிலும் மெதுவாகச் சுழன்று தண்ணீர் இறைப்பதற்கானவை. தண்ணீரைத் தொட்டியில் சேர்த்துவைக்கலாம் என்பதால் காற்று எப்போது வந்தாலும் அவற்றுக்குச் சரியே.

கேள்வி: கடல் அலையிலிருந்தும், மிதிவண்டி மிதிப்பதிலிருந்தும் மின்சாரம் எடுக்கலாமா? அறிவியல் கண்காட்சிக்காகக் கேட்கிறேன்.
– பள்ளி மாணவி, பாகூர்

பதில்: இரண்டும் முடியும். அலைமின்சாரத்துக்கு நம் நாட்டிலேயே முன்னோடி உண்டு: கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1991இல் 150 கிலோவாட் சோதனை நிலையம் அமைக்கப்பட்டது. அலை ஏறி இறங்கும்போது ஒரு கான்கிரீட் அறைக்குள் உள்ள காற்று அழுத்தப்பட்டுச் சுழலியைச் சுற்றும். ஒரு கண்ணாடித் தொட்டியும் அடிப்பாகம் வெட்டிய பாட்டிலும் இருந்தால் இதை நீங்கள் செய்துகாட்டிவிடலாம். மிதிவண்டியில், நன்றாக மிதிக்கும் ஒருவர் 75 முதல் 100 வாட் வரை தருவார். ஒரு மணி நேரம் வியர்க்க மிதித்தாலும் பத்தில் ஒரு யூனிட்தான். கண்காட்சிக்கு வருபவர்களை மிதிக்கவைத்து, பழைய குண்டு பல்பையும் எல்.இ.டி. விளக்கையும் மாற்றி மாற்றி எரியவிடுங்கள். எது எவ்வளவு மின்சாரம் தின்னுகிறது என்பதை அவர்கள் கால்களே சொல்லும்.

கேள்வி: ஃபைபர் படகில் இரவு மீன்பிடிக்கப் போகிறோம். ஜி.பி.எஸ்., வயர்லெஸ், விளக்கு மூன்றுக்கும் சோலார் வைக்கலாமா? 40 வாட் பேனல் போதும் என்கிறார் கடைக்காரர்.
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: வைக்கலாம், அவசியம் வையுங்கள், ஆனால் 40 வாட் போதாது. ஜி.பி.எஸ். 8 வாட், கேட்கும் நிலையில் வயர்லெஸ் 6 வாட், படகு விளக்குகள் 12 வாட் என்றால் மொத்தம் 26. பத்து மணி நேர இரவுக்கு 260 வாட்-மணி ஆகும். 40 வாட் பேனல் நல்ல நாளில்கூட 160தான் தரும். 100 வாட் பேனல் போட்டால், படகில் சாய்க்காமல் தட்டையாக வைப்பதையும், மேலே உப்பு படிவதையும், ஏதோ ஒரு கயிற்றின் நிழல் விழுவதையும் கழித்து 300 கிடைக்கும். பேட்டரி 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் வாங்குங்கள். அதில் 500 வாட்-மணிக்குமேல் நிற்கும் என்பதால் ஒரு நாள் மேகம் மூடினாலும் அடுத்த இரவு தாங்கும். வயர்லெஸில் பேசும்போது 60 வாட் வரை இழுக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். சாதாரண வீட்டு வயர் படகில் ஒரே பருவத்தில் பச்சை பூத்துவிடும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியைக் கேளுங்கள். பேட்டரியை ரப்பர் விளிம்புள்ள மூடிப் பெட்டிக்குள் அடித்தளத்திலிருந்து உயரத்தில் கட்டிவையுங்கள். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்; அதே அளவு ஃபியூஸ் இரண்டை உலர்ந்த டப்பாவில் போட்டுப் படகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.